பேர் எழுதாத பொருளைப் பூங்காவுக்குள் கொண்டுவராதீர்கள்

திருத்தணியில் தொடங்கி பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஊத்துக்கோட்டை வரைக்கும், எல்லை தாண்டி ஆந்திரத்தில் நகரி, புத்தூர் வரைக்கும், மனை போட்ட இடங்களில் எல்லாம் பூங்காவுக்கென்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்பட்டிருக்கும். பல இடங்களில் அதில் சீமைக் கருவேலமும் உடைந்த சறுக்குமரமும்தான் மிச்சம். ஒருமுறை செலவு செய்து, ரிப்பன் வெட்டித் திறந்த பூங்காக்களே அவற்றில் நிறைய. திறந்த ஆறாவது மாதம் மோட்டார் நிற்கும். யாரிடம் சொல்வது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. செடி காயும், அடுத்து விளக்கு போகும், இருட்டினால் பாட்டில் வரும். அதற்குப் பிறகு பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

அதனால், குடியிருப்போரைச் சேர்த்துப் பூங்கா அமைப்பதற்கான இந்த வழிகாட்டியில் ஒரு விதி முதலிலிருந்து கடைசி வரை கூடவே வரும். ஒரு பொருளை யார் பார்த்துக்கொள்வார் என்று பேர் எழுதாமல் அதைப் பூங்காவுக்குள் கொண்டுவராதீர்கள். குடியிருப்போரைச் சேர்ப்பது என்றால் திறப்பு விழாவுக்குக் கூப்பிடுவதோ மனுவில் கையெழுத்து வாங்குவதோ இல்லை. எது வேண்டும், எது வேண்டாம், எதை யார் சுமப்பது என்று அவர்களே முடிவு செய்வதுதான்.

இடம் யாருடையது

மனைப்பிரிவு ஒப்புதல் வரைபடத்தின் நகலை வாங்குங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தை மனை போட்டவர் தானப் பத்திரம் பதிந்து உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். பத்திரம் பதிவானதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வரைபடத்தில் பச்சையடித்திருப்பதை நம்பி வேலையை ஆரம்பித்துவிட்டு, பாதியில் பழைய உரிமையாளரின் வாரிசு வந்து நிற்பது நடக்கிற கதை. தானப் பத்திரம் இல்லை என்றால் அதைப் பதிய வைப்பதுதான் உங்கள் முதல் வேலை. செடி நடுவது அப்புறம்.

பத்திரம் சரியாக இருந்தால் சர்வேயரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் நடச் சொல்லுங்கள். அளக்கிற நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் கண்ணெதிரே கல் நட்டால் பிறகு தகராறு குறைவு. ஆக்கிரமிப்பு இருந்தால் தெருச் சண்டையாக ஆக்காமல் எழுத்தில் உள்ளாட்சிக்குக் கொடுங்கள். பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி ஆகியவற்றைக் காக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் உண்டு.

மூன்று நாள் உட்கார்ந்து எண்ணுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போகிற படி இது. இதற்குச் செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான். வேலை நாள் இரண்டு, ஒரு ஞாயிறு. காலை 5.30 முதல் 7.30 வரை, முற்பகலில் ஒரு மணி நேரம், மாலை 4 முதல் 6.30 வரை, இரவு 7 முதல் 9 வரை. யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பெரியவர், பெண், ஆண், சிறு பிள்ளை, பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண் பிள்ளை என்று தனித்தனிக் கட்டம் வேண்டும்.

அந்தக் கடைசிக் கட்டம் பல பூங்காக்களில் காலியாகவே இருக்கும். பையன்கள் கிரிக்கெட்டுக்கு நடு இடத்தைப் பிடித்த பிறகு அந்த வயதுப் பெண் பிள்ளைகள் மெல்ல நின்றுவிடுகிறார்கள். நின்றதை யாரும் கவனிப்பதில்லை. அவர்களிடம் பெண்களே போய், வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்கட்டும். 'ஊஞ்சல் வேணுமா?' என்று கேட்டால் 'வேணும்' என்றுதான் பதில் வரும். 'ஏன் வர்றதில்ல?' என்று கேளுங்கள். விளக்கு, உட்கார ஒரு தனி மூலை, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிகிற மாதிரிச் சுவர் என்று பதில் வேறு மாதிரி வரும்.

எண்ணும்போதே மரநிழல் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் எங்கே விழுகிறது, மழைத் தண்ணீர் தேங்கிய தடம் எங்கே, மக்கள் குறுக்கே நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றையடிப் பாதையை மறித்துப் புல்தரை போட்டால் புல் சாகும். மக்கள் வழியை மாற்றமாட்டார்கள்.

கூட்டம் எங்கே, எப்போது, எந்த மொழியில்

கூட்டத்தைப் பூங்கா இடத்திலேயே போடுங்கள். முடியாவிட்டால் பள்ளிக்கூடம். ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ ஒரு சமூகத்தாரின் மண்டபத்திலோ போட்டால் வரத் தயங்குகிறவர்கள் ஊரில் உண்டு. சுற்றியிருக்கும் நான்கு தெருக்களோடு நிறுத்தாமல் ஊருக்கு ஒதுக்குப்புறமான தெருவையும் கூப்பிடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் விளையாட வேறு இடம் இல்லை. அவர்களைக் கேட்காமல் கட்டிய பூங்காவில் அவர்களை விரட்டுகிற வேலை முதல் வாரமே ஆரம்பித்துவிடும். அது நடக்கவே கூடாது.

தறி ஓடும் ஊர்களில் ஒரு வசதி இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் வரை விசைத்தறி ஓடாது, வீட்டில் ஆள் இருக்கும். கூட்டத்துக்கும் சிரமதானத்துக்கும் அதைவிட நல்ல நாள் கிடைக்காது. மற்ற நாட்களில் இரவு ஏழரைக்கு மேல்தான் ஆள் பிடிக்க முடியும். ஆடிக் கிருத்திகை வாரத்தில் திருத்தணிப் பக்கம் எதையும் வைக்காதீர்கள்.

மொழி விஷயம் எல்லைப்புறத்துக்கே உரியது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் வீட்டுப் பேச்சு எல்லைக் கோட்டைப் பார்த்து மாறவில்லை. இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற பலர் படித்தது தமிழில். நோட்டீஸைத் தமிழில் அடித்து, அழைப்பை வாயால் தெலுங்கில் சொன்னால் போதும். அந்தப் பக்கம் நகரி, புத்தூரில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தெலுங்கு எழுத்துத்தான் ஓடும். அங்கே இதை அப்படியே திருப்பிச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுவதைவிடக் குரல் பதிவு நன்றாகப் போய்ச் சேரும்.

புளியங்கொட்டை ஓட்டு

கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னால் நான்கு பேர் பேச்சுத்தான் நிற்கும். ஓட்டுக்கு டப்பா வையுங்கள். நடைபாதை, ஊஞ்சல், பெஞ்சு, விளக்கு, குடிநீர்க் குழாய், புல்தரை, நிழல் மரம், கைப்பந்துத் தளம் என்று எட்டு டப்பா, ஒவ்வொன்றிலும் படம் ஒட்டி. ஆளுக்கு மூன்று விதை. ஆண்களுக்குப் புளியங்கொட்டை, பெண்களுக்கு மொச்சை, பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை. கொட்டி எண்ணினால் யாருக்கு எது வேண்டும் என்று தனித்தனியாகத் தெரியும். ஆண்களின் எண்ணிக்கையில் கைப்பந்தும் பெண்களின் எண்ணிக்கையில் விளக்கும் முந்தினால், அந்த வித்தியாசத்தை மறைக்காமல் சபையில் படித்துக் காட்டுங்கள்.

டப்பாவில் படத்துக்குக் கீழே இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்: மாதம் என்ன வேலை, யார் பார்ப்பார். புல்தரை டப்பாவில் 'தினம் தண்ணீர், வாரம் ஒருமுறை வெட்டு, பொறுப்பு ______' என்று எழுதுங்கள். விதை விழுந்து நிறைந்த பிறகும் அந்தக் கோடு காலியாக இருந்தால் அந்தப் பொருள் பட்டியலில் இல்லை. கேட்கக் கடுமையாகத்தான் இருக்கும். செயற்கை நீரூற்று கேட்டுக் கூட்டம் கூச்சல் போட்டாலும் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சுண்ணாம்புக் கோடு

காகிதத்தில் வரைந்த வரைபடத்தைப் பார்த்துப் பலருக்குத் தூரம் புரியாது. தெரியாது என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள். வீடு கட்ட அஸ்திவாரத்துக்குக் கோடு போடுவதுபோல, முள்ளை வெட்டிச் சுத்தம் செய்த இடத்தில் கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் போடுங்கள். தினம் வாசலில் கோலம் போடுகிற கைக்கு இது பழகிய வேலை. பாதை 5 அடி அகலம் என்று கோடு போட்டு, இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவிட்டு, எதிரே ஒருவரை வரச் சொல்லுங்கள். போதாது என்று அவர்களே சொல்லி 6 அடிக்குத் தள்ளுவார்கள். பெஞ்சுக்கு நான்கு செங்கல் வைத்து மாலை 4 மணிக்கு ஒரு பாட்டியை உட்கார வைத்துப் பாருங்கள். வெயில் முகத்தில் அடித்தால் செங்கல்லை நகர்த்த ஒரு நிமிடம் ஆகும், கான்கிரீட் பெஞ்சை நகர்த்த முடியாது.

20 சென்ட் என்றால் 8,712 சதுர அடி, ஏறக்குறைய 93க்கு 93 அடி. ஓரத்தில் மரத்துக்கு இடம் விட்டு உள்ளே சுற்றுப்பாதை போட்டால் ஒரு சுற்று 320 அடி வரும், பத்துச் சுற்று கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். இதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் நடக்கிறவர்கள் தினமும் வருவார்கள். தினமும் வருகிறவர்கள்தான் பூங்காவுக்குக் காவல்.

பணமும் தாளும்

நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியவர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், நகராட்சி என்றால் ஆணையர். வார்டு உறுப்பினரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 1 முதல் நகரப் பகுதிகளில் பகுதி சபாக் கூட்டம் நடக்கிறது. கிராம ஊராட்சியாக இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை. விதை எண்ணிய கணக்கோடு போய்த் தீர்மானம் போடவையுங்கள். தீர்மான எண்ணும் தேதியும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். ஆந்திரப் பக்கத்தில் 2019-ல் தொடங்கிய வார்டு சச்சிவாலயத்திலிருந்து, அதாவது வார்டு அளவிலான அரசு அலுவலகத்திலிருந்து, ஆரம்பிக்கலாம்.

மக்களும் அரசும் செலவைப் பகிரும் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. மதிப்பீடு 9 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சம் நீங்கள் திரட்ட வேண்டும். 150 வீடு இருந்தால் வீட்டுக்கு 2,000, அதை மாதம் 500 என்று நான்கு மாதத்தில் வாங்கலாம். கூலித்தறி வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் ஒரே தொகை வேண்டாம். கொடுத்தவர் பட்டியலைத் தொகையோடு ஒட்டாதீர்கள், மொத்த வரவையும் செலவையும் மட்டும் வாரம் ஒருமுறை பூங்கா வாசலில் ஒட்டுங்கள். பெஞ்சுக்கு ஒரு பேர், மரத்துக்கு ஒரு பேர் என்று நன்கொடையாளரைப் பொறித்தால், கொடுக்க முடியாதவர் அங்கே உட்காரக் கூசுவார். சிரமதானத்தைப் பங்குத்தொகையில் கழிப்பார்களா என்பதை வேலைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணி ஆணை வந்ததும் மதிப்பீட்டின் நகலை வாங்குங்கள். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் கையில் இருந்தால்தான் நடைபாதையில் பதிக்கும் பேவர் கல்லின் கனம் 60 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்று நின்று கேட்க முடியும்.

கட்டும்போது கண் வைக்க வேண்டிய இடங்கள்

நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர் கல் போதும், வண்டி ஏறும் இடத்துக்கு மட்டும் 80. கல் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கல் இல்லை. கீழே 4 அங்குலம் கிராவல் போட்டுத் தண்ணீர் தெளித்து அதிர்வு இயந்திரத்தால் இறுக்க வேண்டும், அதன்மேல் ஒன்று முதல் ஒன்றரை அங்குல மணல். இறுக்காமல் மணலைக் கொட்டி மட்டம் பார்த்தால் முதல் மழையிலேயே பள்ளம் விழும். ஓரத்தில் கர்ப் கல்லைக் கான்கிரீட்டில் பதிக்காவிட்டால் கல் வரிசை பக்கவாட்டில் பிரியும். 5 அடி அகலத்துக்கு ஒரு அங்குலம் சரிவு கொடுங்கள்.

விளையாட்டுச் சாதனத்தில்தான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் சிமென்ட் தளமோ பேவர் கல்லோ கூடவே கூடாது. ஒரு அடி ஆழம் கழுவிய பருமணல் வேண்டும். எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) வேண்டாம், அது கோணல் மணி, மிதிபட மிதிபட இறுகிக் கல்லாகிவிடும். ஊஞ்சல் தொங்கும் உயரம் 7 அடி என்றால் முன்னால் 14 அடி, பின்னால் 14 அடிக்கு வேறு எதுவும் இருக்கக்கூடாது. 28 அடி நீளம், 12 அடி அகலம், ஒரு அடி ஆழம் என்றால் 336 கன அடி, அதாவது மூன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. விலையைக் கேட்டதும் மணலைக் குறைக்கச் சொல்வார்கள். மணலைக் குறைக்காதீர்கள், ஊஞ்சலைக் குறையுங்கள். மணலுக்குக் கீழே 4 அங்குலம் ஜல்லியும் நடுவில் நிழல்வலையும் இல்லாவிட்டால் ஐப்பசியில் அது குட்டையாகும்.

இரும்புக் கால் துருப்பிடிப்பது மண்ணோடு சேரும் இடத்தில். விளக்குக் கம்பத்துக்கும் பெஞ்சுக்கும் கான்கிரீட்டை மண்ணுக்கு மேல் 2 அங்குலம் தூக்கிச் சுற்றிலும் சரிவாக வழித்துவிட்டால் தண்ணீர் நிற்காது. ஊஞ்சல் காலுக்கு அப்படிச் செய்யக்கூடாது, தூக்கின கான்கிரீட்டில் பிள்ளை தலை மோதும். அங்கே கான்கிரீட் மணலுக்கு அடியிலேயே இருக்க வேண்டும். காலுக்கு ஒரு அடி உயரம் வரை தார்ப்பூச்சு கொடுங்கள். ஸ்டீல் சறுக்குமரம் வடக்குப் பார்த்து இறங்கட்டும். மேற்குப் பார்த்தால் சித்திரை வெயிலில் மாலை 4 மணிக்கும் தொடை பொத்துப்போகும்.

சுற்றுச்சுவர் இரண்டரை அடி, அதற்கு மேல் கம்பி வேலி. ஆளுயரச் சுவர் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. தெருவுக்குத் தெரியாத இடத்தில்தான் குடிக்க உட்காருகிறார்கள். நுழைவாயில் 3 அடிக்குக் குறையாமல் இருந்தால்தான் சக்கர நாற்காலி நுழையும், சரிவுக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அந்த வழியில் பைக்கும் நுழையத்தான் செய்யும். குறுக்குக் கம்பி போட்டு நாற்காலியையும் சேர்த்துத் தடுப்பதைவிட, வெளியே பத்து வண்டி நிறுத்த இடம் விடுங்கள்.

விளக்கு வயர் 2 அடி ஆழத்தில் பிவிசி குழாய்க்குள் போக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் இணைப்பை ஏற்காதீர்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடம் இது.

தண்ணீரும் மரமும்

மரக்கன்று ஒன்றுக்கு ஒருமுறைக்கு 10 லிட்டர், வாரம் மூன்று முறை. 25 கன்றுக்கு வாரம் 750 லிட்டர். ஆயிரம் சதுர அடி புல்தரைக்குக் கோடையில் நாளுக்கு 450 லிட்டர் பிடிக்கும், வாரத்துக்கு 3,150. மரம் மூன்றாவது ஆண்டில் தன் காலில் நின்றுவிடும், புல் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருக்கும். கோடையில் குடிதண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் ஊரில் புல்தரை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மேற்கு ஓரத்தில் 18 அடிக்கு ஒன்றாக வேம்பு, புங்கன், உட்காரும் இடத்தில் மகிழம், ஓரமாக ஒரு நாவல். நாவலைப் பாதைக்கு மேல் வராமல் நடுங்கள், பழம் உதிரும் காலத்தில் வழுக்கும். மின்கம்பிக்குக் கீழே உயர மரம் எதுவும் வேண்டாம். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. மலையடிவாரத்துச் சரளை மண்ணில் குழியின் அடி இறுகிக் கிடக்கும், கடப்பாரையால் குத்தி விடாவிட்டால் மழைத் தண்ணீர் அதில் நின்று வேர் அழுகும். கன்று 5 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும், கூண்டும் 5 அடி. வேப்பங்கொழுந்தை ஆடு விடாது. கட்டட வேலையைக் கோடையில் முடித்து, ஆவணி கடைசியிலிருந்து ஐப்பசிக்குள் நட்டால் முதல் மூன்று மாதத் தண்ணீர்ச் செலவை மழை பார்த்துக்கொள்ளும். கன்றுக்கு ஒரு வீடு, கூண்டில் வீட்டு எண். பிள்ளை இருக்கும் வீடாகப் பார்த்துக் கொடுங்கள்.

திறந்த பிறகு

பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமோ மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ ஒப்படைத்தால் அதற்குத் தனித் தீர்மானம் வாங்குங்கள். மின்கட்டணமும் தண்ணீரும் உள்ளாட்சியின் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் முதல் பில் சங்கத்தின் தலையில் விழும், இரண்டாவது பில்லோடு சங்கம் கலையும்.

சாவி இரண்டு வீட்டில், இரண்டும் வெவ்வேறு தெருவில். மாதம் முதல் ஞாயிறு ஒரு சுற்று: ஊஞ்சல் சங்கிலி கொக்கியில் உரசும் வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அன்றே ஊஞ்சலைக் கழற்றுங்கள். மணலைக் கிளறிவிட்டுக் கண்ணாடித் துண்டு பொறுக்குங்கள். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். பார்த்தவர் நோட்டில் கையெழுத்துப் போடட்டும், அடுத்த மாதம் வேறு ஆள்.

முதல் பெரிய மழை பெய்யும்போது வீட்டில் இருக்காதீர்கள். குடையும் பத்து மூங்கில் குச்சியும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய், தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நடுங்கள். மறுநாள் காலையிலும் குச்சியைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் படம் எடுத்துத் தேதியோடு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்ததாரருக்கு வைப்புத்தொகை திரும்புவதற்குள் அந்த இடங்களை அவர் செலவிலேயே சரிசெய்ய வைக்க வேண்டும்.